எல்லைப்புற இல்லங்களில் கணிப்பொறித் தூய்மை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டமும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களும் கேரளத்தில் தமிழ் மக்கள் செறிந்து வாழும் பகுதிகளாகும். இங்குள்ள தமிழ்வழி மாணவர்க்கும் கணிப்பொறிக் கல்வி பள்ளிப் பாடமே. வீட்டிலுள்ள ஒரே கணிப்பொறியில் பாடமும், சான்றிதழ் விண்ணப்பமும், வங்கிக் கணக்கும் ஒருங்கே கையாளப்படும்போது, அதனுள் நுழையும் தீய நிரல் குடும்பத்தின் அலுவல் அனைத்தையும் பாதிக்கிறது.

இருவகைத் தீங்குகள்

வைரஸ் என்பது பிற கோப்புகளில் தொற்றிப் பெருகும் நிரல். உளவு நிரலோ மறைந்திருந்து கடவுச்சொற்களைத் திருடி அயலார்க்கு அனுப்புவது. பல வேளைகளில் அறிகுறி எதுவும் காட்டாது. பென் டிரைவ், உரிமம் பெறாத மென்பொருள், மின்னஞ்சல் இணைப்பு ஆகியன இவை நுழையும் முக்கிய வழிகள்.

நீக்கும் முறை

முதற்கண் இணையத் தொடர்பைத் துண்டித்தல் வேண்டும். உளவு நிரல் செய்தி அனுப்புவது அதனால் தடைப்படும். அடுத்து, இன்றியமையாத ஆவணங்களை மட்டும் தனியே நகலெடுத்து, அந்நகலையும் பின்னர்ச் சோதித்தல் வேண்டும். மூன்றாவதாக, விண்டோஸுடன் வரும் டிஃபென்டரின் 'ஆஃப்லைன்' சோதனையை இயக்க வேண்டும். விண்டோஸ் இயங்கத் தொடங்குமுன் இச்சோதனை நிகழ்வதால், ஒளிந்துள்ள நிரல்களும் அகப்படுகின்றன. மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரமும் இலவசக் கருவிகளை வழங்குகிறது. இவற்றாலும் தீராவிடில், வட்டினை முற்றிலும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே வழி.

பலரும் மறப்பது இறுதிப் படியாகும். நிரல் நீங்கினும் களவுபோன கடவுச்சொல் திருடனிடமே உள்ளது. ஆகவே, தூய்மையான வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றுதல் வேண்டும். பணம் இழந்தோர் 1930 என்ற எண்ணில் உடனே முறையிடலாம்.

மீண்டும் வாராமைக்கு

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. புதிய பதிப்பை ஏற்காத பழைய கணிப்பொறிகளுக்கு, கேரளப் பள்ளிகளில் பயன்படும் 'கைட்' குனு/லினக்ஸ் ஏற்றதாகும். அதனை வீட்டிலும் இலவசமாக நிறுவலாம். விண்டோஸுக்கென எழுதப்பட்ட வைரஸ்கள் பொதுவாக இதில் இயங்கா. எனினும் இதனை முழுக்காப்பு எனக் கருதலாகாது.

கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள வழிசெய்கிறது. அவ்வாறே கணிப்பொறிப் பாதுகாப்பு அறிவுரைகளும் இப்பகுதிப் பள்ளிகளிலும் அட்சயா மையங்களிலும் தமிழில் கிடைக்கச் செய்வது அலுவலர்தம் கடமையாகும். புரியும் மொழியில் வரும் எச்சரிக்கையே பயன்படும் எச்சரிக்கை.