நகையை விற்குமுன் அறியற்பாலன

நம் நாட்டுக் குடும்பங்களிற் பொன்னணி பூணுதற்கு உதவுவதோடு, இடர் வந்துழிக் காக்கும் வைப்பு நிதியாகவும் இருந்து வருகின்றது. மழை பொய்த்த ஆண்டில் அது விதைநெல்லாகும். நோயுற்ற காலத்து மருந்தாகும். மகனோ மகளோ கல்லூரியிற் சேரும் நாளிற் கட்டணமாகும். தாய் தன் கழுத்தினின்றும் கழற்றிக் கொடுத்த சங்கிலியாற் கல்வி பெற்றோர் நம்முள்ளும் பலர் இருப்பர். ஆயினும், அத்துணை அருமையான பொருளை விற்கப் புகுங்கால் அதன் மதிப்பை அறிந்து செல்வோர் சிலரே. வாங்குவோன் அறிந்தும் விற்போன் அறியாதும் நிகழும் வாணிகத்தில் நட்டம் எவர்பாற் சேரும் என்பது வெளிப்படை. ஆதலின், நகையின் மதிப்பு எவ்வாறு அமைகின்றது என்பதை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

ஒரு நகையின் விலையில் நான்கு கூறுகள் கலந்து நிற்கின்றன. அவை பொன்னின் எடை, அதன் மாற்று, பதித்த கற்கள், செய்வேலை என்பன. வாங்கும்போது இந்நான்குக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கின்றோம். விற்கும்போது நான்கும் திரும்பி வருவதில்லை. இவற்றைத் தனித்தனியே பிரித்துணர்தலே மதிப்பறிதலின் முதற்படியாகும்.

முதலாவது எடை. பவுன் என்னும் நம் வழக்கு ஆங்கிலேயரின் சவரன் நாணயத்தைத் தழுவியது. அந்நாணயம் 7.988 கிராம் எடையும் 22 காரட் தரமும் உடையது. இன்று நம் கடைகளில் 8 கிராமையே ஒரு பவுன் என்பர். எடையிற் கருதவேண்டியது மொத்த எடையன்று, நிகர எடையே. அட்டிகை, பதக்கம், கம்மல் முதலியவற்றிற் கல்லும், கல்லின் அடியில் இட்ட அரக்கும், கோத்த கயிறும் பொன்னோடு சேர்ந்தே தராசில் ஏறுகின்றன. இந்நுட்பத்தை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள், அணி ஒவ்வொன்றிலும் அமைந்த முத்து, வயிரம், மாணிக்கம் ஆகியவற்றை எண்ணிக் குறித்து, சரடு, சட்டம், அரக்கு உட்பட எடை இவ்வளவு, விலை இத்தனை காசு என்று விரித்துரைக்கின்றன. பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் ஆடவல்லான் என்பதும் அவற்றால் விளங்கும். அரசன் அளித்த அணிக்கே அத்துணைக் கணக்கு வேண்டியிருந்ததெனின், எளிய குடும்பத்தின் அணிக்கு அது வேண்டாவோ?

இரண்டாவது மாற்று. தூய பொன் 24 காரட் எனப்படும். அது மிக மென்மையுடையதாதலின், அணி செய்வதற்குச் செம்பும் வெள்ளியும் கலப்பர். 22 காரட் பொன்னில் ஆயிரம் பங்குக்கு 916 பங்கும், 18 காரட்டில் 750 பங்கும் தூய பொன் உண்டு. பொற்கொல்லர் நகையைக் கரிய உரைகல்லில் உரைத்து, மாற்றுத் தெரிந்த ஆணியின் கீற்றையும் அதனருகே இட்டு, நிறத்தை ஒப்புநோக்குவர். அமிலத்துளி இட்டும் பார்ப்பர். இக்காலத்துக் கடைகளில் எக்சு கதிர்க் கருவி நொடிப்பொழுதில் தரத்தைக் காட்டுகின்றது. ஆயினும் இரண்டும் மேற்பரப்பையே அறிவிப்பன. பழைய நகைகளிற் பற்றவைத்த பொடி மாற்றுக் குறைந்ததாக இருப்பின், முழுவதும் உருக்கியபின் தரம் சற்றுத் தாழக் காண்பதுண்டு.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் பொன்னணிகளுக்கு முத்திரையிடும் முறையை 2000ஆம் ஆண்டிற் கொணர்ந்தது. 2021 சூன் 23 முதல் அது படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்பிரல் 1 முதல் கடைகளில் விற்கப்படும் நகையில் எழுத்தும் எண்ணும் விரவிய ஆறு குறிகளும் இருத்தல் வேண்டும். பாட்டியார் காலத்து நகையில் இம்முத்திரை இராது. இன்மை பற்றி அதனை மாற்றுக் குறைந்தது எனக் கொள்ளலாகாது. அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்திற் சிறு கட்டணம் செலுத்தித் தரமறிந்து கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. கல் பதித்த அட்டிகை ஒன்று 24 கிராம் நிறுக்கின்றது எனக் கொள்வோம். கல்லும் அரக்கும் 4 கிராம் எனின், பொன் 20 கிராமே. அது 22 காரட்டாயின் அதிலுள்ள தூய பொன் ஏறக்குறைய 18.3 கிராம், 20 காரட்டாயின் 16.7 கிராம். மூன்று பவுன் என்று எண்ணிச் சென்றவர், இரண்டரைப் பவுனுக்கே விலை பெறுவது இதனால் விளங்கும். இக்கணக்கை வீட்டிலேயே செய்தவர் கடையிற் கலங்கார். குறைத்துக் கூறினும் ஏமாறார்.

மூன்றாவது கற்கள். சிவந்தன யாவும் மாணிக்கம் அல்ல. பிரித்தானிய மணிமுடியிற் கறுப்பு இளவரசரின் மாணிக்கம் எனப் புகழ்பெற்ற கல், உண்மையில் மாணிக்கமன்று. சுபினெல் என்னும் வேறொரு கல்லே. 1902இல் வெர்னோய் என்னும் பிரெஞ்சு வேதியியலறிஞர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டபின் ஐயம் இன்னும் பெருகிற்று. ஆதலின் கல்லின் நிறங்கண்டு மகிழ்தலும் தவறு. கல்லுக்கு விலையே இல்லை எனக் கடையிற் கூறக் கேட்டு விட்டுவிடுதலும் தவறு. விலையுயர்ந்தது என ஐயுறும் கல்லை மணியாய்வு நிலையத்திற் காட்டுக. விலை கிடையாதெனிற் கல்லைக் கழற்றித் திரும்பப் பெறுக. கல்லுக்குக் கூறும் காரட் எடையளவு என்பதையும், அது 0.2 கிராம் என்பதையும் மறவற்க.

நான்காவது செய்வேலை. சேதாரம், செய்கூலி, வரி ஆகியன விற்கும்போது பொதுவாக மீள்வதில்லை. ஆனால் கைவேலைப்பாடமைந்த பழம்பொருளின் நிலை வேறு. 1887இல் பிரெஞ்சு அரசு தன் முடியணிகளை ஏலமிட்டது. பல அணிகள் கற்களுக்காகவே பிரித்தழிக்கப்பட்டன. தப்பிய மார்பணி ஒன்றை 2008இல் லூவர் அருங்காட்சியகம் பெரும்பொருள் கொடுத்தே மீட்டது. உருக்கிய பின் வேலைப்பாட்டை மீட்டல் இயலாது.

இனிச் செய்யவேண்டுவன சில. வாங்கிய சீட்டைப் போற்றி வைக்க. அன்றைய விலையை முன்னரே அறிக. இரண்டு மூன்று கடைகளில் விசாரிக்க. கண்முன்னே நிறுக்கச் சொல்க. விலை முடியுமுன் உருக்க இசையற்க. தேவை சிலகாலத்ததேயாயின், வட்டியைக் கணக்கிட்டு, விற்பதினும் வங்கியில் அடகு வைத்தல் நன்றோ எனவும் எண்ணுக.

தன் அணியினுள் இருப்பது யாதென அறிந்திருத்தலின் பெருமைக்குச் சிலப்பதிகாரம் சான்றாகும். கோவலன் சிலம்பை விற்கச் சென்று பொற்கொல்லனால் வஞ்சிக்கப்பட்டான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்பதைக் கண்ணகி அறிந்திருந்தமையாலன்றோ பாண்டியன் அவையில் உண்மை நிலைபெற்றது? அந்த அறிவு துன்பம் வந்தபின் தேடிப் பெற்றதன்று. முன்னரே அவளிடம் இருந்தது.

ஆதலின் மாணவர்களே, விடுமுறையில் இல்லம் சென்றதும் அன்னையாருடன் அமர்ந்து, நகை ஒவ்வொன்றின் பெயர், எடை, மாற்று, கற்களின் தொகை, வந்த வழி ஆகியவற்றை ஓர் ஏட்டில் எழுதுங்கள். எதனை எந்நிலையிலும் விற்கலாகாது என்பதையும் அவரே கூறக் கேட்டுக் குறியுங்கள். அன்பின் நினைவாக வந்த பொருளுக்கு உரைகல் இல்லை. இடர்ப்படும் நாளில் நிதானமாக ஆராய்தல் எவர்க்கும் அரிது. அமைதியான நாளில் எழுதிய அவ்வோர் ஏடு, அந்நாளில் குடும்பத்தின் உழைப்பைக் காக்கும்.