"ஓரளவுக்குக் கெடக்கு!": ஏரியும் ஃபஸ்ஸி லாஜிக்கும்

எங்க ஊர் திருவரங்குளம். எங்க புதுக்கோட்டை மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உண்டு. வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் விவசாயம். போன வருஷம் லீவில் போனப்போ, "கண்மாய்ல தண்ணி எவ்வளவு தாத்தா?"ன்னு கேட்டேன். "ஓரளவுக்குக் கெடக்கு. ஆனா மானம் இருட்டிக்கிட்டு வருதே, கலிங்குப் பலகையைக் கொஞ்சம் எடுத்து விடலாம்"னாரு.

ஓரளவுன்னா எத்தனை அடி? கொஞ்சம்னா எத்தனை கன அடி? தாத்தாகிட்ட நம்பர் இல்லை, ஆனா முடிவு இருந்தது. இந்த செமஸ்டர் சாஃப்ட் கம்ப்யூட்டிங் படிக்கும்போதுதான், இதுக்குன்னே ஒரு கணிதம் இருக்குன்னு தெரிஞ்சது.

எதுக்கு இது?

செம்பரம்பாக்கம் ஏரியை எடுத்துக்கோங்க. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 அன்று பெய்த பெருமழையில் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தாங்க, அடையாற்றங்கரை மூழ்கியது. முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா திறந்திருக்கலாமேன்னு எல்லாரும் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா 2019 ஜூனில் அதே ஏரி வறண்டு கிடந்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குக் குடிநீர் வந்தது. சீக்கிரம் திறந்து, மழை ஏமாத்திட்டா தாகம். தாமதமா திறந்தா வெள்ளம். ஷட்டரை இயக்குற இன்ஜினியர் இந்த ரெண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்.

"24 அடி வந்தா திற, இல்லேன்னா மூடு" என்ற விதிக்கு 23.9 அடியும் 10 அடியும் ஒண்ணுதான். சிக்கல் அங்கேதான்.

0-க்கும் 1-க்கும் நடுவே

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் லோட்ஃபி ஸாடே 1965-இல் ஃபஸ்ஸி கணங்களை அறிமுகப்படுத்தினார். ஒரு பொருள் ஒரு கணத்தில் 'இருக்கு' அல்லது 'இல்லை' என்பதற்குப் பதிலாக, 'எந்த அளவுக்கு இருக்கு' என்று 0 முதல் 1 வரை மதிப்பு கொடுப்பதுதான் அடிப்படை.

இது நிகழ்தகவு இல்லை, குழப்பிக்காதீங்க. ஏரியில் 23 அடி இருக்குன்னு அளந்தே தெரியும். அதை 'நிறைவு' என்று எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

ஒரு கணக்கு போடுவோம்

எண்கள் எல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். 20 அடியில் 'நிறைவு' 0, 24 அடியில் 1 என்று வைப்போம். 23 அடிக்கு நிறைவு 0.75, 'நடுத்தரம்' 0.25. அதேபோல 50 மி.மீ. மழைக்கு 'கனமழை' 0, 150 மி.மீ.க்கு 1. நாளைக்கு 90 மி.மீ. என்று கணிப்பு வந்தால் கனமழை 0.4, 'சாதா மழை' 0.6.

இப்போ விதிகள். 'மற்றும்' வரும் இடத்தில் ரெண்டில் சின்ன எண்ணை எடுக்கணும்:

1. நிறைவு, கனமழை: நிறைய திற (10,000 கன அடி). வலு 0.4
2. நிறைவு, சாதா மழை: அளவா திற (3,000). வலு 0.6
3. நடுத்தரம், கனமழை: அளவா திற (3,000). வலு 0.25
4. நடுத்தரம், சாதா மழை: கொஞ்சமா திற (500). வலு 0.25

2-க்கும் 3-க்கும் ஒரே முடிவு என்பதால் பெரிய வலுவான 0.6 மட்டும் போதும். எடையிட்ட சராசரி:

(0.4 × 10,000 + 0.6 × 3,000 + 0.25 × 500) ÷ (0.4 + 0.6 + 0.25) = 5,925 ÷ 1.25 = 4,740

அதாவது, 24 அடி வரும்வரை காத்திருக்காமல், இன்னைக்கே விநாடிக்கு 4,740 கன அடி. மழைக் கணிப்பு மாறினா இந்த எண்ணும் சீராக ஏறி இறங்கும், திடீர்னு தாவாது.

இது வெறும் பாடப்புத்தக விஷயமும் இல்லை. கர்நாடகாவின் மலப்பிரபா அணைக்கு இப்படி ஒரு ஃபஸ்ஸி விதி மாதிரியை பாணிக்கிரகி, முஜும்தார் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை

20 அடி, 150 மி.மீ. என்ற எல்லைகளை யார் வைக்கிறது? இங்கே நான் வெச்சேன். நான் தப்பா வெச்சா, கணக்கு சரியா இருந்தும் விடை தப்பாத்தான் வரும். ஏரியை வருஷக்கணக்கா பார்த்தவங்ககிட்ட கேட்டுத்தான் விதி எழுதணும். அதனால அடுத்த லீவில் நோட்டோட போகப் போறேன். தாத்தாவோட 'ஓரளவு' கலிங்கில் எந்தக் கல்லில் ஆரம்பிக்குதுன்னு முதல்ல அளக்கணும். உங்க ஊர்லயும் ஒரு ஏரி இருந்தா, அப்படி ஒருத்தர் இருப்பார். கேட்டுப் பாருங்க!