விமானத்துக்கு இலக்குக் காட்டப் போகும் தம்பிகளுக்கு

பாச்சலூரிலிருந்து படையில் சேரும் பிள்ளைகளில் யாருக்காவது ஃபார்வர்டு ஏர் கன்ட்ரோலர் வேலை வாய்க்கலாம். தரைப்படையோடு முன்னணியில் இருந்து, மேலே வரும் போர் விமானத்துக்கு வயர்லெஸ்ஸில் இலக்குக் காட்டும் வேலை அது.

1. எதிரி இருக்கும் இடத்தைச் சொல்வதற்கு முன் நம் ஆட்கள் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.

2. பைலட்டுக்கு என்ன தெரியுமோ அதிலிருந்து தொடங்குங்கள். வடகாட்டு வழியில் பாச்சலூருக்கு ஏறும்போது தெரிகிற பரப்பலாறு அணை அவர் கண்ணுக்கும் தப்பாது. அங்கிருந்து எந்த மலை மடிப்பு, அதில் எந்தச் சரிவு, பிறகுதான் பாறை. எடுத்ததும் "அந்தப் பாறை" என்றால் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போகிறவர் எந்தப் பாறையைப் பார்ப்பார்? இடது, வலது வேண்டாம். வடக்கு, தெற்கு என்றே சொல்லுங்கள்.

3. வெளிச்சத்தைக் கணக்கில் வையுங்கள். மூடுபனியில் வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தான் லோங்கேவாலாவில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் கம்பெனியைப் பாகிஸ்தான் டாங்கிகள் சூழ்ந்தன. ஜெய்சல்மேரில் ஹண்டர் விமானங்கள் இருந்தும் இருட்டில் தாக்க வழியில்லை. விடிந்த பிறகு மேஜர் ஆத்மா சிங் சின்னக் கிருஷக் விமானத்தில் சுற்றியபடி டாங்கிகளைக் காட்டிக் கொடுத்தார், ஹண்டர்கள் அடித்தன. ஹண்டரைக் கொண்டாடுகிற பலர் கிருஷக்கின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

4. ஜிபிஎஸ் கருவியில் பேட்டரி மாற்றினால் இலக்கின் இட எண்களைப் புதிதாக எடுங்கள், மேப்பில் வைத்துப் பாருங்கள். 2001 டிசம்பர் 5 அன்று காந்தகார் அருகே ஓர் அமெரிக்கக் குழுவின் ஜிபிஎஸ் கருவி, பேட்டரி மாற்றியதும் தான் இருக்கும் இடத்தையே காட்டியது. அந்த எண்களே பி-52 விமானத்துக்குப் போயின. 2,000 பவுண்டு குண்டு அவர்கள் மேலேயே விழுந்தது. மூன்று அமெரிக்கர்களும் கூட இருந்த ஆப்கானியர்கள் சிலரும் செத்தார்கள். அந்தக் குழுவோடு இருந்த, பின்னாளில் ஆப்கானிஸ்தான் அதிபரான ஹமீத் கர்சாய் சிறு காயத்தோடு தப்பினார்.

5. நீங்கள் சொன்ன எண்களைப் பைலட் திருப்பிச் சொல்லட்டும். அவசரம் என்று இதை மட்டும் விடாதீர்கள்.

6. விமானத்தின் மூக்கு நம் ஆட்கள் பக்கம் திரும்பியிருந்தால் உடனே "அபார்ட்" (தாக்காதே, விலகு) சொல்லுங்கள். மேலே இருப்பவர் பெரிய அதிகாரி என்று தயங்க வேண்டாம். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிகிறது.

7. குண்டு விழுந்ததும் "சபாஷ்" போதாது. விழுந்த இடத்திலிருந்து இலக்கு எந்தத் திசையில், எத்தனை மீட்டர் என்று சொன்னால்தான் பின்னால் வரும் விமானம் திருத்தி அடிக்க முடியும்.