மூக்கு ஆபரேஷனும் மூன்றாம் நாள் அழுகையும்

போன தை மாதம் என் அண்ணன் மகளுக்கு மூக்கில் ஆபரேஷன் நடந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து வளைந்துபோன மூக்கு. மூச்சுக்குத் தொந்தரவு கொஞ்சம்தான், கண்ணாடி முன் நின்றால் வரும் வேதனைதான் அதிகம். அண்ணனுக்குக் காஞ்சன்பாக்கில் பாதுகாப்பு ஆய்வகத்தில் வேலை, வீடும் அங்கேயே குடியிருப்பில். தமிழ்க் குடும்பங்களுக்கு ஹைதராபாத்தின் இந்தப் பகுதி புதிதல்ல. ஆபரேஷன் அன்று அண்ணிக்குத் துணையாக நானும் போயிருந்தேன்.

தியேட்டரை ஒட்டிய அறையிலிருந்து திடீரென்று அழுகுரல் கேட்டது. எங்கள் பெண்தான். ஒருவர் மட்டும் வரலாம் என்றார் சிஸ்டர். அண்ணிக்குக் கால் எழவில்லை, நான் போனேன். மூக்கின் மேல் கட்டு, இரண்டு துவாரத்திலும் பஞ்சு அடைப்பு, வாயால் மூச்சு. அடைப்பைப் பிடுங்கக் கை போய்க்கொண்டே இருந்தது. "அத்தை, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன். தேம்பினாள். அரை நிமிடத்தில் அதே கேள்வி. இப்படி நாலு முறை.

சிஸ்டர் அவளைச் சமாதானப்படுத்துவதற்கு முன் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைச் சரிசெய்து ஆக்சிஜன் அளவைப் பார்த்தார். 97. பிறகு பிரஷர். பிறகு சிறுநீர் முட்டுகிறதா என்று அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் நெற்றியில் கை வைத்து, "ஏம் காதம்மா" (ஒன்றும் ஆகாதம்மா) என்றார். இருபது நிமிடத்தில் பெண் தூங்கிவிட்டாள். சாயங்காலம் கேட்டால் அழுததே அவளுக்கு நினைவில்லை.

அந்த இருபது நிமிடத்துக்குள் வெளியே வராந்தாவில் அண்ணியிடம் ஆளாளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறார்கள். காற்று கருப்பு பட்டிருக்கும் என்று ஒருவர், மயக்க ஊசி மூளைக்கு ஏறிவிட்டது என்று ஒருவர், மனசில் பூட்டி வைத்ததெல்லாம் இப்படித்தான் வெளியே வரும் என்று ஒருவர். சொன்னவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அண்ணி மூன்று ராத்திரி தூங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெளியும்போது வரும் குழப்பத்திலிருந்து தொடங்குவோம். மயக்கம் விளக்கை அணைத்துப் போடுவதுபோல ஒரே நொடியில் விலகுவதில்லை. மூளையின் சில பகுதிகள் முந்தி விழிக்கும், சில பிந்தி விழிக்கும். பயமும் வலியும் விழித்துவிட்டன, இடம் பொருள் அறியும் புத்தி இன்னும் விழிக்கவில்லை என்ற இடைவெளியில்தான் இந்த அழுகை, உதறல், குழறல் எல்லாம். குழந்தைகளுக்கு அதிகம் வரும். மூக்கு, தொண்டை ஆபரேஷன்களில், மூச்சுவழி அடைபட்ட உணர்வு இருப்பதால், பெரியவர்களுக்கும் வரும். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து அரை மணிக்குள் அடங்கிவிடும். கேட்டதையே கேட்பதற்கும் காரணம் உண்டு. பதற்றம் குறைய முன்கூட்டியே கொடுக்கும் மிடாசோலம் போன்ற மருந்து, புது நினைவு பதிவதைக் கொஞ்ச நேரம் தடுத்து வைக்கும்.

"மயக்கத்தில் ரகசியத்தையெல்லாம் உளறிவிடுவார்கள்." இந்தப் பயத்தால் ஆபரேஷனையே தள்ளிப்போடும் பெண்களை எனக்குத் தெரியும். ஆழ்ந்த மயக்கத்தில் பேச்சே கிடையாது. பல ஆபரேஷன்களில் தொண்டைக்குள் குழாயே இருக்கும். தெளியும்போது வருவது துண்டு துண்டான பேச்சு. சினிமாவும் நார்கோ சோதனைச் செய்திகளும் சேர்ந்து வளர்த்த நம்பிக்கை இது. அந்தச் சோதனைக்கு வழக்கமாகப் பயன்படுவது தயோபென்டோன் என்ற பழைய மயக்க மருந்துதான். அரைமயக்கத்தில் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டாலும் வருவதில் உண்மையும் கற்பனையும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும். செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே மாதம், ஒருவரின் சம்மதமில்லாமல் இந்தச் சோதனை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெளியும் நேரத்துப் பேச்சை யாராவது வீட்டில் சாட்சியாக எடுத்துக்கொண்டு சண்டை போட்டால் அது பெரிய அநியாயம்.

கெட்டமின் என்ற மயக்க மருந்து மட்டும் தனிக் கதை. மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் அதிகம் சாய்க்காது என்பதால் நம் ஊர் மருத்துவமனைகளில் நிறையப் பயன்படுகிறது. பறந்தேன், சுரங்கத்துக்குள் போனேன், செத்துப் பிழைத்தேன் என்றெல்லாம் அதற்குப் பிறகு சிலர் சொல்வார்கள். அது மருந்து காட்டும் காட்சி. வம்சத்தில் மனநோய் இருக்கிறதோ என்று யாரும் கிளற வேண்டியதில்லை. ஏற்கெனவே மனச்சிதைவு நோய் உள்ளவர் என்றால் மட்டும் மயக்க டாக்டருக்கு முன்பே தெரிய வேண்டும், அவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

இப்போது ஒரு பழைய நம்பிக்கை. அதற்கு வலு சேர்த்த ஊர் ஹைதராபாத். 1888-லும் 1889-லும் இங்கே குளோரோஃபார்ம் கமிஷன் என்று இரண்டு ஆய்வுகள் நடந்தன. நடத்தியவர் ரெசிடென்சி சர்ஜன் எட்வர்ட் லாரி, உதவியவர் நிஜாம் மீர் மஹபூப் அலி கான். இரண்டாவது ஆய்வுக்கு லண்டனிலிருந்து லாடர் ப்ரண்டன் வந்தார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று சொல்லப்படும் ரூபா பாய் ஃபர்தூன்ஜி படித்து வேலை பார்த்ததும் இதே ஊரில்தான். காஞ்சன்பாக்கிலிருந்து சில கிலோமீட்டரில், மூசி கரையில் இருந்த அஃப்சல்கஞ்ச் மருத்துவமனையோடு சேர்ந்த வரலாறு இது. குளோரோஃபார்ம் மூச்சை நிறுத்தித்தான் கொல்லும், இதயத்தை நேராகத் தாக்காது, ஆகவே மூச்சை மட்டும் கவனித்தால் போதும் என்று கமிஷன் முடிவுக்கு வந்தது. மூச்சைக் கவனி என்பது நல்ல அறிவுரை. போதும் என்பதுதான் தவறு.

1911-ல் லண்டனில் குட்மன் லெவி பூனைகளை வைத்துக் காட்டினார்: லேசான குளோரோஃபார்ம் மயக்கத்தில் அட்ரினலின் ஏறினால் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். அட்ரினலின் என்றால் பயத்தில் நம் உடம்பே சுரப்பது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் கால் நகம் எடுக்கப் போய் குளோரோஃபார்மில் இறந்த 15 வயது ஹன்னா கிரீனர், ஆபரேஷனுக்கு முன் பயந்து அழுத சிறுமி. அவள் மரணத்துக்குக் காரணம் எது என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. நோயாளியின் பயம் மயக்க டாக்டருக்கு வேண்டாத விஷயம் இல்லை, அது ரத்தத்தில் ஓடுகிற ரசாயனம். குளோரோஃபார்ம் போய்விட்டது, இன்றைய மருந்துகள் எவ்வளவோ பாதுகாப்பானவை. ஆனாலும், பயமாயிருக்கிறது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

"சும்மா பயந்துக்கறாங்க" என்று நாம் சொல்வதும் லாரியின் "போதும்" போன்றதுதான். உதாரணத்துக்கு, கொழுப்பு உறிஞ்சும் லைபோசக்ஷனில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னை நிறைய நீரில் கலந்து தோலடியில் ஏற்றுகிறார்கள். அது ரத்தத்தில் மெல்ல மெல்லத்தான் ஏறும். உச்சம் வருவதற்குப் பல மணி நேரம் ஆகலாம், அதற்குள் நோயாளி வீட்டுக்கே வந்திருப்பார். நாக்கும் உதட்டைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை, இனம் தெரியாத பதற்றம் இவை அளவு மீறியதன் முதல் அடையாளங்கள். வலிப்பும் இதயக் கோளாறும் பின்னாலேயே வரலாம். அந்தப் பதற்றத்துக்குத் தூக்க மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள், மருத்துவமனைக்கு ஓடுங்கள். எங்கள் பெண்ணிடம் அந்த சிஸ்டர் முதலில் ஆக்சிஜனைப் பார்த்ததன் அருமை எனக்கு இதைப் படித்தபோதுதான் புரிந்தது. மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் மனிதன் இப்படித்தான் உதறுவான்.

ஞாபக சக்தி பற்றிச் சுருக்கமாக. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 1998-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், பெரிய ஆபரேஷனுக்கு ஒரு வாரம் கழித்துச் சுமார் நாலில் ஒருவருக்கும், மூன்று மாதம் கழித்துச் சுமார் பத்தில் ஒருவருக்கும் நினைவாற்றல், கவனத்தில் சறுக்கல் இருந்தது. அது முதியவர்களின் கணக்கு. ஆரோக்கியமான 25 வயதுப் பெண்ணின் மூளை ஒரு மயக்கத்தால் மழுங்கிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரு நாள் வரை வண்டி ஓட்ட வேண்டாம், பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அவ்வளவே. நடுவில் விழித்துக்கொள்வது நடக்காதா என்றால், நடக்கும், மிக அரிதாக. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய கணக்கெடுப்பில் சுமார் 19,000 மயக்கங்களுக்கு ஒருவர் அப்படிச் சொன்னார். சொன்னவரை நம்புங்கள். கனவு கண்டிருப்பாய் என்று வாயடைத்தால் அந்த நினைவு வருடக்கணக்கில் அவரை வதைக்கும்.

எங்கள் வீட்டில் உண்மையான சோதனை மூன்றாம் நாள் வந்தது. முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கருநீலம் கட்டி, மூக்கு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. குளியலறைக் கண்ணாடியில் துண்டைப் போட்டு மூடிவிட்டு உட்கார்ந்து அழுதாள். "மயக்க ஊசி இன்னும் உடம்பில் இருக்கு" என்றார் அண்ணி. இல்லை, அது எப்போதோ போய்விட்டது. வீக்கம் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்கு வரும். தூக்கம் கெட்டிருக்கிறது, வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் மனநிலையை ஆட்டும், எல்லாவற்றுக்கும் மேல் "நீயே கேட்டு வாங்கிக்கிட்டது" என்ற சொல். அதை அண்ணன் ஒருமுறைதான் சொன்னார். அவள் நூறு முறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். உயிர் காக்க ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு ஹார்லிக்ஸ் வாங்கி வருகிறோம், அழகுக்காகச் செய்துகொண்டவருக்கு வலிக்கக்கூட உரிமை இல்லையா? மூக்கின் கடைசி வடிவம் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம் என்று யாராவது முதலிலேயே அவளிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

டாக்டரிடம் மறைப்பதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் விஷயம். கல்யாணப் பேச்சு நடக்கிறது, மனநல மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாதே என்று தாயே சொல்லும் வீடுகள் உண்டு. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரும், பழி மயக்க மருந்தின் மேல் விழும். தினமும் குடிப்பவர் அதை மறைத்துவிட்டுப் படுத்தால், இரண்டு மூன்று நாளில் கை நடுங்கி, இல்லாததைக் கண்டு அலறலாம். அது குடி நின்றதால் வருவது, உயிருக்கே ஆபத்து.

எங்கே படுக்கிறோம் என்பதும் முக்கியம். 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். அந்த இடத்துக்கு இருந்தது முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமம். 2024-ல் ஹைதராபாத்தில் பல்லழகு சிகிச்சைக்குப் போன இளைஞர் இறந்தபோது, மயக்க மருந்து அளவு மீறியதாகக் குடும்பம் குற்றம் சாட்டியது. மயக்க டாக்டர் யார், முழு நேரமும் கூடவே இருப்பாரா, தெளியும் வரை பார்ப்பது யார் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படும் இடத்தில் படுக்காதீர்கள்.

அழுகையும் சோர்வும் இரண்டு வாரம் தாண்டினாலோ, சாக வேண்டும் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலோ, மனநல மருத்துவரிடம் போக வேண்டும். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தெலுங்கிலும் தமிழிலும் பேசலாம்.