பன்னிரண்டு கிலோ பொம்மைக் காரைப் பத்திரமாகக் கொண்டு செல்வது எப்படி?

பொம்மைக் கார் என்றதும் உள்ளங்கையில் அடங்கும் ஒன்றுதான் உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் பெரியவர்களே ஓட்டிப் பந்தயம் விடும் ரேடியோ கட்டுப்பாட்டுக் கார்கள் அப்படிப்பட்டவை அல்ல. உண்மைக் காரின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்காகச் செய்யப்படும் கார்கள் உண்டு. அவற்றின் நீளம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். எடை 10 முதல் 15 கிலோகிராம். பலவற்றில் 23 முதல் 26 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரு வீச்சுப் பெட்ரோல் எஞ்சின் இருக்கும். சிலவற்றில் மின்மோட்டாரும் லித்தியம் மின்கலமும் இருக்கும். மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகம் இவற்றுக்கு எளிது.

ஓட்டுபவர் பந்தயத் தடத்தின் ஓரத்தில் நின்று, கையிலுள்ள கருவியால் காரை இயக்குகிறார். தடமோ வீட்டிலிருந்து வெகு தொலைவில் இருக்கும். எனவே காரை வேனில் ஏற்றிக்கொண்டு பயணம் செய்ய வேண்டும். பந்தயத்தில் முட்டி மோதி உடைவது ஒருபுறம் இருக்கட்டும். வேனுக்குள் சும்மா கிடக்கும்போதே கார் உடையக்கூடும். அதைவிட மோசம், முன் இருக்கையில் இருப்பவரின் முதுகில் அது பாயக்கூடும். இது ஏன், இதை எப்படித் தடுப்பது என்பதை நீங்கள் வகுப்பில் படித்த இயற்பியலைக் கொண்டே காண்போம்.

இருமடங்கு நீளம், எட்டு மடங்கு எடை

பத்தில் ஒரு பங்கு அளவுள்ள சிறிய பந்தயக் காரின் எடை சுமார் 1.5 கிலோகிராம். அதை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து, சுற்றிலும் துணியைத் திணித்து எடுத்துச் சென்றால் போதும். ஐந்தில் ஒரு பங்குக் கார் இதைப்போல் இருமடங்கு நீளம்தானே, இருமடங்கு கவனம் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நீளம் இருமடங்காகும்போது அகலமும் உயரமும் இருமடங்காகின்றன. ஆகவே பருமன் 2 × 2 × 2 = 8 மடங்காகிறது. எடையும் அப்படியே: 1.5 × 8 = 12 கிலோகிராம். ஆனால் காரைத் தாங்கும் கைகள், ஆணிகள் ஆகியவற்றின் வலிமை அவற்றின் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்போ 2 × 2 = 4 மடங்குதான் பெருகுகிறது. சுமை எட்டு மடங்கு, தாங்கும் பரப்பு நான்கு மடங்கு. எனவே ஒரே குலுக்கலில், பெரிய காரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் சிறியதில் உள்ளதைப்போல் இருமடங்கு விசையைத் தாங்க நேர்கிறது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் வீட்டுக் காரைக் கியரில் போட்டு நிறுத்தினால் அது எளிதில் உருளாது. பெட்ரோலில் ஓடும் பந்தயக் காரிலோ இருப்பது மைய விலக்குக் கிளட்ச். எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் அதன் கட்டைகள் வெளிப்புறம் விலகி, உறையைப் பற்றிக்கொள்ளும். எஞ்சின் நின்றுவிட்டால் பிடிப்பும் போய்விடும். சக்கரங்கள் தாராளமாக உருளும். வேனின் தரையில் வைக்கப்பட்ட கார், பிடிப்பில்லாத 12 கிலோ வண்டி என்பதை மறக்காதீர்கள்.

இடைவெளிதான் எதிரி

வேன் மணிக்கு 60 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 16.7 மீட்டர் வேகத்தில் செல்கிறது எனக் கொள்வோம். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி 2 வினாடியில் நிறுத்துகிறார். எதிர் முடுக்கம் சுமார் 8.3 மீ/வி². வேன் நிற்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் காரை யாரும் நிறுத்தவில்லை. நிலைமத்தின் காரணமாக அது முன்னோக்கி உருள்கிறது. காருக்கு முன்னால் 1.5 மீட்டர் வெற்றிடம் இருந்தால், அதைக் கடந்து இருக்கையில் மோதும்போது வேனை ஒப்பிட்டு அதன் வேகம் என்ன? v² = 2as என்ற வாய்பாட்டில் இட்டால் 2 × 8.3 × 1.5 = 25; ஆகவே வேகம் வினாடிக்கு 5 மீட்டர். ஏறக்குறைய 1.25 மீட்டர் உயரத்திலிருந்து மூக்குக் குத்தித் தரையில் விழுவதற்கு இது சமம். அவசரப் பிரேக்கிலேயே இந்த நிலை!

அதே கார் முன்னும் பின்னும் கட்டைகளால் நெருக்கமாகத் தடுக்கப்பட்டிருந்தால்? அதன்மேல் செயல்படும் விசை 12 × 8.3, அதாவது 100 நியூட்டன்தான். பத்துக் கிலோ எடையை மெல்லச் சாய்த்து வைத்தது போன்றது. ஒன்றும் உடையாது. நிலைமம் என்றால் என்னவென்று கேட்டால் தேர்வில் எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் சாமானை ஏற்றும்போது இடைவெளி விடாமல் ஏற்ற வேண்டும் என்று தோன்றுவது சிலருக்குத்தான்.

விபத்து நேர்ந்தால் கணக்கு வேறு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற வேன் எதிலோ மோதி 0.1 வினாடியில் நிற்கிறது. எதிர் முடுக்கம் 139 மீ/வி². காரைப் பிடித்திருக்கும் பட்டைகள் தாங்க வேண்டிய விசை சுமார் 1,670 நியூட்டன்; 170 கிலோ மூட்டை ஒன்று கயிற்றில் தொங்குவதற்குச் சமம். ஆகவே சைக்கிள் கேரியரில் கட்டும் ரப்பர்க் கயிறு இதற்கு உதவாது. அது நீளும், நீண்டு ஆற்றலைச் சேமித்து, பின்பு கவண்போல் காரைத் திருப்பி எறியும். அதிகம் நீளாத, அகலமான பாலியெஸ்டர் பட்டைகளே ஏற்றவை. அவற்றை வேன் தரையிலுள்ள உலோக வளையங்களில் மாட்டி இறுக்க வேண்டும். காரைப் பெட்டிக்குள் கட்டிவிட்டுப் பெட்டியைக் கட்ட மறப்பவர்களும் உண்டு. அப்போது பாய்வது கார் மட்டும் அல்ல, பெட்டியும் சேர்ந்து!

சுருள்வில் செய்யும் குறும்பு

பட்டையை எதன்மேல் கட்டுவது என்பதுதான் பலரும் தவறு செய்யும் இடம். கார் தன் நான்கு சக்கரங்களில் நிற்கிறது. உடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே சுருள்வில்களும் எண்ணெய் நிரம்பிய அதிர்வு தாங்கிகளும் உள்ளன. காரின் உடலைச் சுற்றிப் பட்டையை இறுக்கினால் அப்போதைக்கு அது அசையாதது போலத் தோன்றும். வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சுருள்வில் மேலும் அமுங்கும். உடல் கீழே இறங்கும். அந்தக் கணத்தில் பட்டை தொய்ந்துபோகும். தொய்ந்த பட்டையின் கொக்கி வளையத்திலிருந்து நழுவ ஒரு கணம் போதும்.

இதற்கு வழி, சுருள்வில்லுக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுவது. அடித்தட்டின் கீழ் மரக்கட்டையோ கெட்டியான ஃபோம் கட்டியோ வைத்து, சக்கரங்கள் தரையைத் தொடாதபடி காரை உயர்த்தி நிறுத்த வேண்டும். இப்போது சக்கரம் உருளாது, சுருள்வில் அமுங்காது. பட்டையை அடித்தட்டோடு சேர்த்து இறுக்கலாம். சக்கரங்களில் பட்டை போட்டுக் கட்டும் முறையும் உண்டு, அதுவும் சரியே. எனக்கென்னவோ கட்டை வைப்பதே மேலாகப் படுகிறது. பாலிகார்பனேட்டால் ஆன மேலுறையையும் பின்புற இறக்கையையும் கழற்றித் தனியே வைப்பது நல்லது. அவற்றின்மேல் பட்டை பட்டால் விரிசல் விடும்.

வீட்டில் நீங்களே சோதித்துப் பாருங்கள். செருப்புப் பெட்டியின் பின் ஓரத்தில் உருளும் பொம்மைக் கார் ஒன்றை வைத்து, பெட்டியை நூலால் வேகமாக இழுத்துச் சுவரில் மோதவிடுங்கள். அடுத்து, காரின் முன்னும் பின்னும் அழிப்பான்களை நெருக்கிவைத்து அதையே செய்யுங்கள். மூன்றாவதாக, ரப்பர் வளையத்தால் மட்டும் காரைப் பிணைத்துச் செய்யுங்கள். மூன்று ஒலிகளையும் ஒப்பிட்டாலே வேறுபாடு விளங்கும்.

பெட்ரோலும் மின்கலமும்

இத்தகைய கார் ஒன்றின் தொட்டி 700 மில்லி லிட்டர் கொள்ளும் எனக் கொள்வோம். காலையில் 25 டிகிரி செல்சியஸில் விளிம்புவரை நிரப்பிவிட்டு, வெயிலில் நிறுத்திய மூடிய வேனில் 55 டிகிரி ஆகும்வரை விட்டால் என்ன ஆகும்? பெட்ரோல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.00095 பங்கு விரியும். 700 × 0.00095 × 30, ஏறக்குறைய 20 மில்லி லிட்டர் வெளியே வழியும். இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவுதானே என்று எண்ணாதீர்கள். அது முழுதும் ஆவியானால் சுமார் 4 லிட்டர் ஆவி. காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும் என்பதால், 250 லிட்டருக்கு மேற்பட்ட காற்றை எரியும் கலவையாக்க இதுவே போதும். காற்றைவிடக் கனமான இந்த ஆவி வேனின் தரையில்தான் தேங்கும். ஒரு மின்பொறி பட்டாலே தீப்பிடிக்கும்.

ஆகவே கிளம்புமுன் திறந்தவெளியில் தொட்டியைக் காலி செய்து, எஞ்சினை ஓடவிட்டு, குழாயில் மீந்திருப்பதும் தீர்ந்து தானே நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். புகைப்போக்கி ஆறிய பிறகே காரை ஏற்ற வேண்டும். மீந்த பெட்ரோலை அதற்கென்றே செய்த கேனில், விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு மூட வேண்டும்.

மின்கார் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாமா? நான்கு கலங்கள் கொண்ட 14.8 வோல்ட், 5 ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் மின்கலத்தில் உள்ள ஆற்றல் 74 வாட்-மணி, அதாவது 2,66,400 ஜூல். பெட்ரோல் கணக்கில் இது 8 மில்லி லிட்டர்தான். ஆனால் பெட்ரோல் எரியக் காற்றும் பொறியும் தேவை. மின்கலமோ நசுங்கினாலும் குத்துப்பட்டாலும் உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டுச் சூடேறி எரியும். எனவே அதைக் காரிலிருந்து கழற்றி, ஒவ்வொரு கலமும் முழு மின்னேற்றமான 4.2 வோல்ட்டிலிருந்து 3.8 வோல்ட்டுக்கு இறங்கும்வரை விட்டு, முனைகளை மூடித் தீத்தாங்கும் பையில் வைக்கிறார்கள்.

விமானத்தில் செல்வோருக்கு இன்னொரு கணக்கு உண்டு. தனியே எடுத்துச் செல்லும் லித்தியம் மின்கலங்களைக் கையோடு கொண்டு செல்லும் பையில் மட்டுமே வைக்கலாம். ஒவ்வொன்றும் 100 வாட்-மணிக்குள் இருந்தால் முன் அனுமதி வேண்டாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கூடாது. பெரிய மின்கார்கள் சிலவற்றில் 14.8 வோல்ட், 6.7 ஆம்பியர்-மணி மின்கலங்கள் இரண்டைத் தொடராக இணைக்கிறார்கள். 14.8-ஐ 6.7-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 99.16. இரண்டையும் ஒரே பொதியாகச் செய்திருந்தால் 198.32 ஆகியிருக்கும்; பயணியின் பையில் அதற்கு இடமில்லை.