பிழை தேடிய அம்மையார்

மாமல்லபுரத்துச் சிற்பியர் கல்லைக் கண்டவுடன் உளியை எடுப்பதில்லை. முதலில் அதனைத் தட்டி, எழும் ஓசையைக் கூர்ந்து கேட்பர். கண்ணுக்குப் புலப்படாத குறை உள்ளே இருப்பின், ஓசை அதனைக் காட்டிவிடும். பல நாள் உழைத்துச் செதுக்கிய பின் சிலை பிளக்குமாயின் யாது பயன்? ஆதலின் அவர்தம் தொழிலில் சோதனையே முந்தி நிற்கிறது.

அவ்வூருக்குத் தெற்கே, அதே கடற்கரையில், செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கல்பாக்கம் உளது. 1971-இல் அங்கே தோன்றிய அணு ஆராய்ச்சி நிலையத்தில், வேக ஈனுலை ஒன்று 1985-இல் இயங்கத் தொடங்கிற்று. அவ்வுலையின் வெப்பத்தை ஏந்திச் செல்வது உருகிய சோடியம். அதன் வெப்பநிலையைக் கணிப்பொறிகள் இடைவிடாது கண்காணிக்கின்றன. கணிப்பொறி செய்ய வேண்டுவனவற்றை வரிசையாகக் கூறும் கட்டளைத் தொடரை நிரல் என்பர்; நிரல்களின் தொகுதியே மென்பொருள். இத்தகைய இடங்களில் நிரலின் ஒரு வரி பிழைத்தாலும் பெருங்கேடு விளையக்கூடும். கல்லைத் தட்டிப் பார்ப்பது போல நிரலையும் தட்டிப் பார்க்க இயலுமா? இவ்வினாவின் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர், அமெரிக்க நாட்டு எலைன் வெயுக்கர் அம்மையார்.

கணிதம் பயின்ற அவர், 1977-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். அக்காலத்தில் அத்துறையில் பெண்கள் மிகச் சிலரே இருந்தனர்.

நிரலின் விடை சரியா என்று அறிய, சரியான விடை நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்திருப்பின் நிரல் எதற்கு? இச்சிக்கலை 1982-இல் வெளியிட்ட கட்டுரையில் அம்மையார் ஆராய்ந்தார். ஒரே கணக்கிற்கு இருவேறு நிரல்களைத் தனித்தனியே எழுதி விடைகளை ஒப்பிடலாம். கையால் கணிக்கத்தக்க எளிய எண்களைக் கொடுத்துப் பார்க்கலாம். விடை இயல்பான எல்லைக்குள் அமைந்துள்ளதா என்று நோக்கலாம். எனினும், இவற்றுள் எதுவும் முழு உறுதி தாராது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

சான்ட்ரா ராப்ஸ் என்னும் பெண்மணியுடன் சேர்ந்து 1985-இல் வேறொரு முறையை விளக்கினார். ஏரி மதகில் திறந்துவிட்ட நீர் ஒவ்வொரு வயலுக்கும் ஒழுங்காகச் சென்று சேர்கிறதா என்று உழவர் வாய்க்கால்தோறும் நடந்து பார்ப்பர் அன்றோ? அதுபோல, நிரலில் ஓரிடத்தில் தோன்றும் மதிப்பு எவ்வெவ்விடங்களில் பயன்படுகிறதோ, அவ்விடங்களுக்குச் செல்லும் வழிகளைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்க வேண்டும் என்பதே அம்முறை.

1993-இல் ஏ.டி. அண்டு டி. தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஆயிரக்கணக்கான கோப்புகள் கொண்ட மென்பொருளில் எங்கே முதலில் தேடுவது? கோப்பின் அளவு, அண்மைக் கால மாற்றங்கள், முன்னர்க் கண்ட பிழைகள் ஆகியவற்றைக் கொண்டு, பிழை மிகும் இடங்களை முன்கூட்டியே கணிக்கும் வழியை அவரும் அவர்தம் துணைவர்களும் கண்டனர். அவ்வாறு குறித்த 20 விழுக்காட்டுக் கோப்புகளிலேயே சராசரியாக 83 விழுக்காட்டுப் பிழைகள் இருந்தன என்று 2005-இல் வெளியிட்டனர்.

2002-இல் அமெரிக்கத் தேசியப் பொறியியற் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 2004 முதல் 2012 வரை, கணிப்பொறித் துறைப் பெண்களுக்கான பன்னாட்டுக் குழு ஒன்றின் தலைமை ஏற்று, இளம் பெண்கள் இத்துறைக்கு வர ஊக்கமளித்தார்.

எத்தனை சோதனைகளில் தேறினும், பெரியதொரு நிரல் முற்றும் பிழையற்றது என்று கூறிவிட இயலாது. அவ்வாறு இருந்தும், அயராது தேடுவோரால்தான் மக்கள் உயிருக்குக் காப்பு உண்டாகிறது. தம் பணி சரியே என்று இறுமாந்திராமல், எங்கே பிழைத்திருக்கும் என்று தாமே தேடிக் காண்பதும், கண்டதைத் தயங்காது உரைப்பதும் அறிவுடையார் கடமையாகும்.