அலுவலக அஞ்சலும் கைப்பேசியும்

பெரியாற்றங்கரையிலுள்ள ஆலுவா நகரம் முன்னாளில் திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மட்டாஞ்சேரி கொச்சி ராஜ்யத்தின் பகுதி. அதனை ஒட்டிய கொச்சிக் கோட்டையோ பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டது. இரு ராஜ்யங்களும் 'அஞ்சல்' என்ற பெயரிலேயே தனித்தனித் தபால் ஏற்பாடுகளை நடத்திவந்தன. திருவிதாங்கூர் 1888-இலும், கொச்சி 1892-இலும் சொந்தத் தபால் தலைகளை வெளியிட்டன. கோட்டைப் பகுதியில் இந்தியத் தபால் இலாகா பணிபுரிந்தது. இவ்வாறு ஒரு நாள் நடைக்குள் அடங்கும் நிலப்பரப்பில் மூவகைத் தபால் விதிகள் நிலவின. 1951-இல் அஞ்சல் இலாகா இந்தியத் தபால் இலாகாவுடன் இணைந்த பின்னரே அப்பகுதி முழுவதும் ஒரே விதிக்கு உட்பட்டது.

இன்று அதே ஆலுவாவில் மெட்ரோ ரயில் ஏறி எர்ணாகுளத்திலுள்ள அலுவலகத்திற்குச் செல்லும் ஊழியர், வழியிலேயே தம் கைப்பேசியில் அலுவலகக் கடிதங்களைப் படிக்க விரும்புகிறார். தம் சொந்தக் கணக்கை எந்தச் செயலியிலும் எளிதில் சேர்த்துவிடும் அவருக்கு, அலுவலகக் கணக்கைத் திறந்த மூலச் செயலி ஒன்றில் சேர்ப்பது பல சமயங்களில் இயலாமற் போகிறது. பழைய அஞ்சல் எல்லைகளைப் போன்ற எல்லைகள் மின்னஞ்சலிலும் இருப்பதே இதற்குக் காரணம்.

பொது விதிகள்

மின்னஞ்சல் அனுப்புவதற்குரிய 'எஸ்.எம்.டி.பி.' என்னும் விதியை ஜான் போஸ்டல் 1982-இல் வரையறுத்து வெளியிட்டார். வந்த கடிதங்களைச் செர்வரிலேயே வைத்துக்கொண்டு படிப்பதற்குரிய 'ஐமேப்' என்னும் விதியை மார்க் கிரிஸ்பின் 1986-இல் உருவாக்கினார். இவை எவருக்கும் சொந்தமல்ல. விதி நூலைப் படித்து அதன்படி செயலி எழுத எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

திறந்த மூல மென்பொருள் என்பது, மூல நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமை அளிப்பது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளோடு வந்த அஞ்சல் செயலியின் நிரலை அடிப்படையாகக் கொண்டு, 2008-இல் ஜெஸ்ஸி வின்சென்ட் 'கே-9 மெயில்' என்ற செயலியைத் தொடங்கினார். அது 2022-இல் தண்டர்பேர்டு திட்டத்தோடு இணைந்தது. 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்டாக வெளிவந்தது. ஐமேப் விதியை ஏற்கும் கணக்கு எதுவாயினும் இச்செயலி அதனோடு பேசவல்லது.

நிறுவனக் கணக்கின் தனித்தன்மை

நிறுவனங்களுக்குக் கடிதம் மட்டும் போதுவதில்லை. கூட்டங்களின் நாட்குறிப்பு, ஊழியர் முகவரிப் பட்டியல், பணிக் குறிப்பு ஆகியவையும் ஒரே கணக்கில் அடங்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட எக்ஸ்சேஞ்ச் செர்வர் இத்தேவையை நிறைவேற்றியது. கைப்பேசிக்கென அது வகுத்த 'ஆக்டிவ்சிங்க்' முறை கடிதம், நாட்குறிப்பு, முகவரி ஆகிய மூன்றையும் ஒருசேரக் கொண்டுசெல்கிறது. ஆயினும் இது ஒரு நிறுவனத்தின் உடைமையாகிய விதி. அதன் விவரம் வெளியிடப்பட்டிருந்தபோதிலும், உரிமம் பற்றிய நிபந்தனைகள் தன்னார்வத்தால் இயங்கும் சிறு திட்டங்களுக்குச் சுமையாக அமைந்தன.

எனவே திறந்த மூலச் செயலிகள் பெரும்பாலும் ஐமேப் வழியையே நாடின. எக்ஸ்சேஞ்சும் ஐமேப் அறியும்; ஆனால் நிர்வாகி அதனைத் திறந்துவைத்தால்தான் பயன்படும். நாட்குறிப்புக்கும் முகவரிக்கும் 'கால்டேவ்', 'கார்ட்டேவ்' என்ற பொது விதிகள் இருப்பினும் எக்ஸ்சேஞ்ச் அவற்றை ஏற்பதில்லை. 'டேவ்மெயில்' என்ற திறந்த மூல மென்பொருள் இரு மொழிகளுக்கும் இடையே துபாஷியைப் போல் நின்று, எக்ஸ்சேஞ்சின் பேச்சைப் பொது விதிகளாக மாற்றித் தருகிறது. அதனை ஒரு கணினியில் இயக்கிவைக்க வேண்டும் என்பதே அதிலுள்ள சிரமம்.

சாவியும் அனுமதிச் சீட்டும்

இரண்டாவது தடை கடவுச்சொல்லைப் பற்றியது. முன்பு செயலி, ஊழியரின் கடவுச்சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் செர்வருக்கு அனுப்பிவந்தது. அச்சொல் களவுபோனால் கணக்கு முழுவதுமே களவுபோகும். ஆகவே மைக்ரோசாஃப்ட் தன் இணையவழி எக்ஸ்சேஞ்ச் சேவையில் 2022 அக்டோபர் 1 முதல் ஐமேப் உள்ளிட்ட வழிகளில் இப்பழைய முறையை நிறுத்தத் தொடங்கியது. அதன் இடத்தைப் பிடித்தது, 2012-இல் விதியாக வெளிவந்த 'ஓ-ஆத் 2.0' என்னும் முறை. கே-9 மெயிலும் 2022-இல் இம்முறையைக் கைக்கொண்டது.

ஆலுவாவை அடுத்த ஏலூரில் தொழிற்சாலைகள் பல உள்ளன. அத்தகைய ஆலை ஒன்றிற்கு வரும் வெளியாளிடம் காவலர் எந்தச் சாவியையும் கொடுப்பதில்லை. இன்ன பகுதிக்கு, இன்ன நேரம் வரை என்று குறித்த அனுமதிச் சீட்டையே கொடுக்கிறார். நேரம் கடந்தால் சீட்டு செல்லாது. வேண்டாதபோது அதனை ரத்து செய்யவும் கூடும். ஓ-ஆத் முறையும் இத்தகையதே. ஊழியர் தம் கடவுச்சொல்லை நிறுவனத்தின் நுழைவுப் பக்கத்தில் மட்டுமே இடுகிறார். செயலிக்குக் கிடைப்பது சீட்டு மாத்திரமே.

ஆனால் சீட்டு கேட்கும் செயலி முன்னதாகவே தன் பெயரைப் பதிவு செய்து ஓர் அடையாள எண் பெற்றிருக்க வேண்டும். மூடிய மென்பொருள் தன் இரகசியத்தை நிரலுக்குள் மறைத்துவைப்பதாக எண்ணிக்கொள்ளலாம். திறந்த மூலத்தில் மறைப்பதற்கு இடமே இல்லை. நிரல் அனைவர் கண்ணுக்கும் புலனாவது. இதற்குத் தீர்வாக 2015-இல் ஒரு துணை விதி வகுக்கப்பட்டது. அதன்படி, செயலி ஒவ்வொரு முறையும் புதியதோர் எண்ணை எழுந்தமானமாகத் தேர்ந்து, அதன் சுருக்கக் குறியை மட்டும் முதலில் அனுப்புகிறது. சீட்டைப் பெறும் தறுவாயிலேயே உண்மை எண்ணைக் காட்டுகிறது. சுருக்கக் குறியிலிருந்து எண்ணைக் கண்டறிய இயலாதாகையால், இடையில் ஒட்டுக்கேட்பவருக்குச் சீட்டு கிட்டாது. நிலையான இரகசியம் எதுவுமின்றியே பாதுகாப்பு கைகூடுகிறது.

இத்தனைக்குப் பின்னும், பதிவு பெற்ற செயலியை நிர்வாகி ஏற்காவிடில் வாயில் திறவாது. பல நிறுவனங்கள் தாம் அறியாத செயலிகளுக்கு நிர்வாகியின் ஒப்புதல் வேண்டும் என்றே விதித்துள்ளன.

யாருடைய கைப்பேசி?

நிர்வாகியின் தயக்கத்திற்குக் காரணம் உண்டு. தொலைந்த கைப்பேசியில் அலுவலகக் கடிதங்கள் இருப்பின் அவற்றைத் தொலைவிலிருந்தே அழிக்க அவர் விரும்புகிறார். ஆக்டிவ்சிங்க் அதற்கு வழி செய்கிறது, ஐமேப் செய்வதில்லை. ஊழியரின் அச்சமும் நியாயமானதே. பழைய முறையில் வரும் அழிப்புக் கட்டளை, கடிதங்களை மட்டுமன்றிக் கைப்பேசி முழுவதையுமே வெறுமையாக்கவல்லது. குடும்பப் படங்களும் சொந்தக் குறிப்புகளும் அதனோடு மறையும். பிற்காலத்தில் அலுவலகக் கணக்கை மட்டும் அழிக்கும் கட்டளையும் ஏற்பட்டது. எவ்வகைக் கட்டளைக்குத் தம் கைப்பேசி உட்படுகிறது என்பதை ஊழியர் கணக்கைச் சேர்க்கும் முன்பே கேட்டறிவது அவசியம்.

2018 ஆகஸ்டில் பெரியாறு பெருக்கெடுத்தபோது ஆலுவா நீரில் மூழ்கியது. அருகிலுள்ள நெடும்பாசேரி விமான நிலையம் இரு வாரங்கள் மூடப்பட்டது. அத்தகைய நாளில் அலுவலகம் செல்ல வழியில்லை. கையிலுள்ள கருவியே அலுவலகமாகிறது. தொடர்பு அறுந்த வேளையிலும், முன்பே இறக்கிவைத்த கடிதத்தில் ஒரு தொலைபேசி எண்ணைத் தேடி எடுக்கலாம். அலுவலகக் கணக்கைக் கைப்பேசியில் வைப்பது வெறும் சௌகரியம் அன்று என்பதை இது உணர்த்தும்.

இந்திய நிலைமை

மத்திய அரசு 2010-இல் மின்னாளுகைக்கான திறந்த தரநிலைக் கொள்கையையும், 2015-இல் திறந்த மூல மென்பொருளை ஏற்கும் கொள்கையையும் மின்னஞ்சல் கொள்கையையும் வெளியிட்டது. தேசியத் தகவலியல் மையம் நடத்திவந்த அரசு மின்னஞ்சல், அண்மையில் தமிழகத்தைச் சார்ந்த ஜோஹோ நிறுவனத்தின் தளத்திற்கு மாற்றப்பட்டது. 2025-இல் சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியரின் கணக்குகள் அத்தளத்தில் இருந்தன. தளம் மாறும்போது முகவரி மாறாமல் இருப்பதும், கடிதங்கள் இழப்பின்றிப் பெயர்வதும் பொது விதிகளின் பயனே ஆகும்.

உடைமை விதிகளின் நிலையின்மைக்கும் சான்று உண்டு. எக்ஸ்சேஞ்சின் 'ஈ.டபிள்யூ.எஸ்.' என்ற வழியைக் கற்றுக்கொண்ட மேசைக் கணினித் தண்டர்பேர்டு 2025 நவம்பரில் வெளிவந்தது. ஆனால் இணையவழி எக்ஸ்சேஞ்சில் அவ்வழியை 2026 அக்டோபர் முதல் தடுக்கத் தொடங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இலேயே அறிவித்திருந்தது. பல ஆண்டு உழைப்பு சில மாதங்களில் மீண்டும் புதுவழி தேட வேண்டியதாகிறது.

ஊழியர் செய்யத்தக்கவை

முதலாவதாக, நிர்வாகியிடம் ஐமேப் திறந்துள்ளதா என்று வினவ வேண்டும். திறந்திருப்பின் செர்வரின் பெயரோடு, மறையாக்கத்துடன் கூடிய 993-ஆம் வாயிலையும், அனுப்புவதற்கு 465 அல்லது 587-ஆம் வாயிலையும் குறித்துக்கொள்ளலாம். இரண்டாவதாக, நுழைவு ஓ-ஆத் வழியா, செயலிக்கென வழங்கும் தனிக் கடவுச்சொல் வழியா என்று அறிய வேண்டும். இருபடிச் சரிபார்ப்பு உள்ள கணக்கில் சாதாரணக் கடவுச்சொல் பொதுவாகச் செல்லாது. மூன்றாவதாக, செயலியின் பெயரையும் அடையாள எண்ணையும் தெரிவித்து ஒப்புதல் கோரலாம். மூல நிரல் திறந்திருப்பதால் நிர்வாகி அதனை ஆராய்ந்து முடிவு செய்ய முடியும். ஒப்புதல் கிட்டாதபோது, அலுவலகக் கடிதங்களைச் சொந்தக் கணக்கிற்குத் திருப்பிவிடுவது மட்டும் கூடாது. அது இரு தரப்பினரின் பாதுகாப்பையும் கெடுக்கும்.

ஆலுவாவிலிருந்து மட்டாஞ்சேரிக்குக் கடிதம் ஒரே விதியின்கீழ்ச் செல்லும் நிலை ஏற்படப் பல்லாண்டுகள் ஆயின. மின்னஞ்சலில் அத்தகைய பொது விதிகள் ஏற்கெனவே உள்ளன. செர்வர் வாங்கும் நிறுவனங்கள் அவ்விதிகளையும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகக் கேட்டுப் பெறுமாயின், எந்தச் செயலியில் தம் கடிதத்தைப் படிப்பது என்பதை ஊழியரே தீர்மானிக்க இயலும்.